எட்டுக் கட்டும் மஞ்சள் முடிச்சும்

கண்ணுகளா,

நீங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது என் இடது தோளில்தான் தூங்கினீர்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் மூன்று பேருமே ஒரே காரியத்தைச் செய்வீர்கள். என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சட்டைக்குள் கையை விட்டு, அங்கே இருக்கும் ஒரு புடைப்பைப் பிடித்துக்கொள்வீர்கள். பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். சின்னவள் அதற்கு "அப்பா கல்லு" என்று பேர் வைத்திருந்தாள்.

போன வாரம் அந்தச் சின்னவள் பள்ளிக்கூடத்தில் எலும்புக்கூட்டுப் படம் வரைந்துகொண்டு வந்தாள். படத்தை என் மடியில் விரித்து, "இதுல அந்தக் கல்லு இல்லியேப்பா" என்றாள். இல்லைதான். மற்றவர்களுக்கு இல்லாதது எனக்கு எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது, மூட்டை இறக்கப் போய்விட்டேன். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். இதில் வருகிற எலும்புப் பெயர்களெல்லாம் ஒரு நர்சம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. அவர் சொன்னதில் தப்பு இருக்காது. நான் எழுதுவதில் இருந்தால் உங்கள் வாத்தியாரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரிய அத்தைக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை தவழும்போதே அவள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அன்றிலிருந்து அவளைத் தூக்கித் திரிந்தது நான்தான். கடலைக்காட்டுக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும், கோயில் நோம்பிக்குப் போனாலும் என் தோளில் அவள் இருப்பாள். நடக்கத் தெரிந்த பிறகும் நடக்கமாட்டாள். "காலு வலிக்குதுங் மாமா" என்று நின்றுவிடுவாள். வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டோம், அதற்குள் கால் வலித்துவிடும்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண் மணவறைக்கு நடந்து வரமாட்டாள். தாய்மாமன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் இல்லாத பெண்களுக்குப் பங்காளிகளில் ஒருவர் தூக்குவார். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவளுக்குத் தை மாதம் நிச்சயமானதும், சபையில் எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போதே, உள்ளேயிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"மாமா தூக்கிக்கிட்டுப் போறதுன்னா போறேன். இல்லீனா நானே நடந்து போய்க்கிறேன். வேற ஆரும் என்னைத் தொடவேண்டாம்."

முகூர்த்தம் வைகாசிக் கடைசியில். மாசியில் நான் விழுந்தேன்.

தாய்மாமன் சேலை எடுக்க ஆட்டையாம்பட்டிக்குச் சைக்கிளில் போயிருந்தேன். தறிக்காரர் வீட்டிலேயே ஒரு அரக்குச் சேலை எடுத்தேன். அக்காவுக்குப் பிடிக்குமே என்று ஒரு பை நிறையக் கைமுறுக்கும் வாங்கினேன். முறுக்குப்பை கைப்பிடியில் தொங்கியது. சேலை மூட்டையை மட்டும் கேரியரில் வைக்க மனசு வரவில்லை. இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டி வந்தேன். இறக்கத்தில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தது தெரியும். அடுத்தது நான் மண்ணில் கிடந்தது தெரியும்.

விழுகிறவன் கையை ஊன்றுவான். கையை ஊன்றினால் பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். நான் சேலையை விடவில்லை. அதனால் இடது தோள் முதலில் தரையில் மோதியது. ஆட்டுக்காரப் பெரியவர் ஓடி வந்து முதலில் மூட்டையைத்தான் பிரித்துப் பார்த்தார்.

"சீலைக்கு ஒண்ணும் ஆகலீங்க. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குது" என்றார்.

ஆகிவிட்டிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தில் தோல் கூடாரம் அடித்த மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. இடது தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டால் வலி கொஞ்சம் அடங்கும், விட்டால் உயிர் போகும்.

ஊரில் அப்போது எலும்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். பிசகிடுச்சு. சுளுக்கும் பிசகு, மூட்டு நழுவினாலும் பிசகு, எலும்பு முறிந்தாலும் பிசகு. எல்லாவற்றுக்கும் மருந்தும் ஒன்றுதான், எண்ணெய் போட்டு நீவுவது. பக்கத்து ஊரில் நீவிவிடுகிறவருக்கு ஆள் அனுப்பலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா இடுப்பில் மூத்தவனோடு வந்து அந்தப் புடைப்பைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பெரியவர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லை.

"ஏனுங், நீவறதுக்கு இதென்ன மாவுங்களா? உள்ளார குச்சி ஒடஞ்சு நிக்கறாப்பல நிக்குது. பஸ்சுக்குப் போலாம், எந்திரிங்க" என்றாள்.

சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வயதானவர். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கிளாவிக்கிள். காறை எலும்பு. நடுவுல முறிஞ்சிருக்கு. மாவுக்கட்டு வேண்டாம், எட்டுக் கட்டு போதும்" என்று நர்சம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நர்சம்மா சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர், வேதக்கோயில்காரர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை தொங்கும். என் வயசுதான் இருக்கும். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று, இரண்டு தோளையும் பின்பக்கம் இழுத்தார். அகலமான பட்டைத் துணியை ஒரு தோளுக்கு மேலே போட்டு, அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகில் குறுக்காக இழுத்து, அடுத்த தோளுக்கு மேலே போட்டார். பின்னாலிருந்து பார்த்தால் எட்டு எழுதியது போல இருக்கும். அதற்குப் பிறகு கையைத் தாங்க ஒரு முக்கோணத் துணியைக் கழுத்தில் தொங்கவிட்டார்.

நான் சும்மா இருக்காமல், "எலும்பு முறிஞ்சா எல்லாம் ஒண்ணுதானுங்க? எட்டு எதுக்குங்க, சுத்திக் கட்டினாப் பத்தாதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வலியோட கேள்வியும் வருதே. முழுசாச் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார்.

உங்கள் அம்மா முறுக்குப் பையையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். காசு கொடுத்து வாங்கியதை யாரும் எறிய மாட்டார்களே. அதில் பாதி பொடி, பாதி துண்டு. நர்சம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மற்றதையெல்லாம் தட்டில் கொட்டி விரலால் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். இது குறுக்காக நேரே உடைந்திருக்கிறது, இதற்குக் குறுக்கு முறிவு என்று பேர். இது சாய்வாக உடைந்திருக்கிறது, உங்களுடையது இந்த ஜாதி. இதோ இது உடையவில்லை, கோடு மட்டும் விழுந்திருக்கிறது, இது விரிசல். இந்த மூலையில் பொடியாகக் கிடக்கிறதே, இது நொறுங்கிய முறிவு, இதைச் சேர்ப்பதுதான் பாடு.

"எலும்பு முனை தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டா அது திறந்த முறிவு. அதுலதான் சீழ் வைக்கும், உயிருக்கே ஆபத்து. உங்களுக்குத் தோல் கிழியல. சாமிக்கு நன்றி சொல்லுங்க."

"எந்தச் சாமிக்குங்க?"

"உங்களுக்கு எது பக்கமோ அதுக்கு."

சின்னப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி முறியுமாம். பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் பிளக்கும், இன்னொரு பக்கம் பட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி. அதற்குப் பச்சைக்கொம்பு முறிவு என்று பேர். மூத்தவன் பிறகு ஒருநாள் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முன்கையில் வாங்கிக்கொண்டானே, அது இந்த ஜாதிதான்.

எட்டுக் கட்டு எதற்கு என்பதையும் சொன்னார். தோள் என்று நாம் சொல்கிற இடத்தில் மூன்று எலும்பு கூடுகிறது. முன்னால் நெஞ்செலும்பிலிருந்து தோள் நுனிவரை குறுக்கே ஓடுவது காறை எலும்பு. பெண்கள் கழுத்தை ஒட்டிப் போடும் காறை படுகிற இடம். முதுகில் மண்வெட்டித் தகடு மாதிரி முக்கோணமாக இருப்பது தோள்பட்டை எலும்பு, அதற்கு ஸ்கேபுலா என்று பேர். தோளிலிருந்து முழங்கைக்கு வருவது மேற்கை எலும்பு, அது ஹியூமரஸ்.

"அப்படின்னா காறை எலும்பு பந்தலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்கிற மூங்கிலாட்டங்களா?" என்றேன்.

"அதேதான். மூங்கில் ஒடிஞ்சா பந்தல் ஒரு பக்கம் சாயும். உங்க தோள் சாஞ்சிருக்கு பாருங்க. எட்டுக் கட்டு ரெண்டு பக்கத்தையும் பின்னால இழுத்துப் புடிச்சு, ஒடிஞ்ச முனை ரெண்டையும் நேரா நிக்கவைக்குது. ஒட்டுற வேலையை உங்க உடம்பே பாத்துக்கும்."

இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நாங்கள் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. மேற்கை எலும்பின் தலை பந்து மாதிரி. தோள்பட்டை எலும்பில் அது உட்காருகிற இடம் கிண்ணம் மாதிரி. இடுப்பிலும் இப்படிப் பந்தும் கிண்ணமும் உண்டு, ஆனால் அங்கே கிண்ணம் ஆழம். தோளில் கிண்ணம் தட்டு மாதிரி, ஆழமே இல்லை. அதனால்தான் கை எல்லாத் திசையிலும் சுற்றுகிறது. பந்தையும் கிண்ணத்தையும் சுற்றி ஒரு பை இருக்கிறது, மூட்டுப்பை. கையை ஆட்டாமல் வைத்திருந்தால் அந்தப் பை சுருங்கிக்கொள்ளும்.

"மூணு வாரம் கழிச்சு வாங்க. கட்டைத் தளர்த்திக் கையை ஆட்டச் சொல்லித் தரேன்" என்றார். உங்கள் அம்மாவும் நானும் தலையாட்டினோம்.

ஊருக்கு வந்ததும் எட்டுக் கட்டு பெரிய வேடிக்கையாகிவிட்டது. தோள் இரண்டும் பின்னால் இழுபட்டு நெஞ்சு முன்னால் தள்ளி நிற்கும். குனிய முடியாது. டீக்கடைக்குப் போனால், "பட்டாளத்துல எப்பச் சேந்தீங் மாப்ள?" என்பார்கள். "அட, சல்யூட் அடிங்கடா, இன்சுபெட்டர் வாராரு." கல்யாணப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். "மாமா இத்தன நாளு கூனிக்கிட்டே திரிஞ்சீங்க. இப்பத்தான் பாக்கறாப்பல இருக்கறீங்க" என்பாள்.

அவளுடைய அம்மா, என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"என்ற தம்பி கையாலயே புள்ளையத் தூக்கி மணவறையில உக்கார வெக்கோணும் சாமி. வெச்சுட்டா எல்லாருமா மலையேறி வந்து இந்தக் காசைப் போடறோம்."

முடிந்த காசைப் பெட்டியில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. அக்காவுக்கு அது போதவில்லை. நோவு இருக்கிற இடத்திலேயே சாமி இருக்கட்டும் என்று, தொங்குகிற துணியின் முனையையும் எட்டுக் கட்டின் பட்டையையும் முதுகில் ஒன்றாகச் சேர்த்து, அந்த மஞ்சள் முடிச்சை அதில் இறுக்கிக் கட்டிவிட்டாள். நேர்ந்து முடிந்த முடிச்சு. மலையேறும் வரைக்கும் அவிழ்க்கக்கூடாது.

அப்படியானால் கட்டையும் அவிழ்க்க முடியாது. இது எங்கள் ஒருவருக்கும் தவறாகப் படவில்லை என்பதுதான் விஷயம். கட்டு எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனைக்கு எலும்பு உறுதியாக ஒட்டும் என்பது ஊரெல்லாம் தெரிந்த கணக்கு. சாமியும் அதையே சொல்கிற மாதிரி இருந்தது. மூன்று வாரம் வந்தது, போனது. கடலைக்கு உழவு இருந்தது, கல்யாணத்துக்கு நெல் அரைக்க வேண்டியிருந்தது. வலியும் இல்லை. வலி இல்லாதவன் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவான்? உங்கள் அம்மா தினமும் ஈரத்துணியால் கட்டைச் சுற்றித் துடைத்துவிடுவாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கல்யாண வேலைகளை ஒற்றைக் கையால் பார்த்தேன்.

சித்திரை பிறந்தபிறகு ஒருநாள் மூத்தவன் என் மேல் ஏறுவதற்கு இடது முழங்கையைப் பிடித்து இழுத்தான். துணிக்குள்ளேயே அதைக் கொஞ்சம் விலக்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். முழங்கை விலாவை விட்டு நகரவில்லை. உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டு இருக்கறதுனால வரலீங்களா, கையே வரலீங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் சேலம் போனோம். முடிச்சுக்குக் காவலாக அக்காவும் வந்தாள். டாக்டர் புதுப் படத்தைப் பார்த்து, "எலும்பு அருமையா ஒட்டியிருக்கு" என்றார். என் முழங்கையைப் பிடித்து வெளியே தூக்கிப் பார்த்தார். மேற்கையோடு தோள்பட்டை முழுவதும் ஒரே பலகையாக எழுந்தது. "எலும்பு சரி. தோள் உறைஞ்சுபோச்சு. ஏன் இவ்வளவு நாள் வரல?"

நர்சம்மா கட்டை எடுக்கக் கத்தரியோடு என் பின்னால் வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி, அத மட்டும் தொடவேண்டாம். சாமிக்கு முடிஞ்சது."

நர்சம்மா முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேர்ச்சை எங்களுக்கும் உண்டுங்கம்மா. என் பையன் கை ஒடிஞ்சப்ப, மாதா கோயிலுக்கு மெழுகுல ஒரு கை செஞ்சு வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டிக்கிட்டு, கட்டையும் சொன்ன நாள்ல அவுத்துட்டேன். மாதா கோவிச்சுக்கல."

"உங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்க, பொம்பளச் சாமி. எங்க மலைச்சாமி அப்புடியில்ல."

"உங்க மலைச்சாமி பாதி பொம்பளைதானே அம்மா? நான் டவுன்காரிதான், அதுகூடவா தெரியாது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. "நீங்க என்ன நேந்துக்கிட்டீங்க?" என்று நர்சம்மா கேட்டார். அக்கா சொன்னாள். தம்பி கையால் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

"கையைக் கட்டிப் போட்டுட்டு அந்தக் கையாலயே தூக்கோணும்னா சாமி எப்படிம்மா செய்யும்? நான் முடிச்சை அவுக்கல. முடிச்சைச் சுத்தி இருக்கிற துணியைத்தான் வெட்டறேன். முடிச்சு முடிச்சாவே இருக்கட்டும்."

அக்கா யோசித்தாள். "அவுராது?"

"அவுராது. நீங்களே பாத்துக்குங்க."

முடிச்சை நடுவில் விட்டு ஒரு கையகலத் துணியாக நர்சம்மா வெட்டி எடுத்தார். அதை அப்படியே மடித்து, என் வலது மேற்கையில் தாயத்து மாதிரி கட்டிவிட்டார். அக்கா தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செரி" என்றாள். கட்டு போனதும் இடது கை என் கை மாதிரியே இல்லை, மெலிந்து வெளுத்திருந்தது. முறிந்த இடத்தில் அந்தப் புடைப்பு. சின்னவளே, அதுதான் உன் கல்லு. ஒடிந்த முனைகளைச் சுற்றி உடம்பு தானாகப் பூசிக்கொள்கிற புது எலும்பு.

"வைகாசிக் கடைசியில தூக்க முடியுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எலும்பு தாங்கும். தோள் வருமான்னு நான் சொல்ல முடியாது. நீங்க செய்யறதுல இருக்கு. வரலாம், வராமலும் போகலாம்."

நர்சம்மா செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆட்ட வேண்டும். சுவருக்கு எதிரே நின்று விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். மூன்றாவது, உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, நல்ல கையால் இழுத்துக் கெட்ட கையைத் தூக்க வேண்டும்.

"உத்தரத்துல கப்பி இல்லீங்களே."

"கிணத்துல?"

கிணற்றில் இருந்தது. வாளியைக் கழற்றிவிட்டு, காலையில் தண்ணீர் சேந்த வருகிறவர்கள் வருவதற்கு முன்னும் அவர்கள் போன பின்னும் நான் கிணற்றுமேட்டில் நின்று கயிற்றை இழுத்தேன். வலது கை இறங்கும், இடது கை ஏறும். ஏறும்போது தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி இருக்கும். சுருங்கின பை விரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காரணம் தெரிந்தால் வலியைத் தாங்கலாம். தெரியாத வலிதான் பெரிது.

சுவர் வேலைக்குக் கல்யாணப் பெண் மேஸ்திரி. விரல் எட்டுகிற இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு கிழிப்பாள். முதல் கோடு என் இடுப்புக்கு நேரே இருந்தது.

"மாமா, இன்னிக்குக் கன்னுக்குட்டி உசரம்." சில நாள் கழித்து, "இன்னிக்கு எருமை உசரம். விடாதீங்." பிறகு ஒருநாள், "மாமா, ஏமாத்தறீங்க. கால எக்கறீங்க. குதிகால் கீழ."

அவளுக்குக் கோடு ஏற ஏறச் சந்தோஷம். ஆனால் வைகாசி பிறந்ததும் அக்கா என்னிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தம்பி, புள்ள சோறே திங்க மாட்டீங்கறா. ராத்திரிக்கு மோருத்தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கறா. மாப்பளையப் புடிக்கலையாட்ட இருக்குது. எங்கிட்டச் சொல்ல மாட்டீங்கறா. நீ கேளு."

கிணற்றுமேட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டேன். நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"ஏன் அம்மிணி, மாப்பள புடிக்கலியா?"

"அதெல்லாம் புடிச்சுத்தான் இருக்குது."

"அப்பறம் சோறு ஏன் உள்ள போகலை?"

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எளச்சாத் தூக்கறதுக்குச் சுளுவா இருக்குமில்லீங். எனக்காவ எலும்பு மறுக்கா ஒடஞ்சு போச்சுன்னா?"

நான் கயிற்றை விட்டுவிட்டேன். அவளைக் கூப்பிட்டு, அவள் கையை எடுத்து அந்தப் புடைப்பின்மேல் வைத்தேன்.

"அமுக்கிப் பாரு. நல்லா அமுக்கு. இது ஒடஞ்ச எடமில்ல, ஒட்டுன எடம். நர்சம்மா சொல்லியிருக்காங்க. வண்டிச் சட்டத்துக்கு இரும்புப் பட்டை அடிச்சாப்பல இது. எலும்பைப் பத்தி நீ கவலைப்படாத. கை மேல வந்தாப் போதும், அது என்ற பாடு. நீ போய்ச் சோத்தத் தின்னு. மணவறையில மயங்கி விழுந்தீன்னா நாந்தான் மறுக்காவும் தூக்கோணும்."

அவள் அமுக்கிப் பார்த்தாள். வலிக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அன்றைக்கு மத்தியானம் அக்கா என்னிடம் வந்து, "மூணு தரம் கொளம்பு வாங்கிச் சாப்புட்டா, என்ன சொன்ன?" என்று கேட்டாள். "மாப்பள புடிச்சுத்தான் இருக்குதாம்" என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் சுவரின் கடைசிக் கோடு என் காதுக்கு நேரே இருந்தது. அதற்கு மேலே ஏறவில்லை. இன்றைக்கும் ஏறவில்லை, அதனால்தான் நான் பரணிலிருந்து பாத்திரம் எடுக்க உங்களை ஏறச் சொல்கிறேன். ஆனால் ஒரு பெண்ணை ஏந்துவதற்குக் கை காதுவரை ஏற வேண்டியதில்லை, நெஞ்சு உயரத்துக்கு வந்து அங்கே நின்றால் போதும்.

நர்சம்மா வந்திருந்தார். சேலத்திலிருந்து கணவரோடு பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரக்குச் சேலையில் அவள் நின்றாள். நான் குனிந்து வலது கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்தேன், இடது கையை முதுகுக்குக் கொடுத்தேன். நிமிர்ந்தேன். தோளுக்குள் அந்தப் பழைய துணி கொஞ்சம் கிழிந்தது. நின்றுவிட்டது. கை நின்றது. மேளம் அடித்தார்கள், நடந்தேன். அவள் சின்ன வயசில் பிடிக்கிற மாதிரியே ஒரு கையை என் கழுத்தில் போட்டிருந்தாள். பாதி வழியில் அந்தக் கை மெதுவாகக் கீழே வந்து, சட்டையில்லாத தோளில், புடைப்பின்மேல் வந்து நின்றது. அது அசைகிறதா என்று பார்க்கிறாள்.

"வலிக்குதுங்களா மாமா?" என்று காதோடு கேட்டாள்.

"பேசாத. கொளம்பு கனக்குது" என்றேன்.

அவள் சிரித்ததில் தோள் குலுங்கியது. அப்படியே கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்தேன். அக்கா ஒரு மூலையில் நின்று என் வலது கையிலிருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கி வந்ததும் நர்சம்மா பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பந்தலுக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "குனியுங்க. கையைத் தொங்க விடுங்க. ஆட்டுங்க. இப்ப விட்டா ராத்திரிக்குப் புடிச்சுக்கும்" என்றார். பட்டு வேட்டியோடு தாய்மாமன் மணி நாக்கு மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நிற்பதைச் சமையல்காரர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரம் எல்லோருமாக மலையேறி, முடிச்சை அங்கே அவிழ்த்துக் காசைப் போட்டோம்.

சின்னவளே, உன் படத்தில் இடது காறை எலும்பின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பு போட்டுவிடு. வாத்தியார் கேட்டால், இது எங்கள் அப்பாவின் எலும்புக்கூடு என்று சொல்.